தாய்மாமன் மடி

ரெசின் பசைக்குள் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கிவிட்டால் பிறகு இருபது நிமிடம்தான். அதற்குள் கண்ணாடி நார்ப்பாயை வள்ளத்து ஓட்டையின் மேல் விரித்து, பசையைத் தடவி, காற்றுக் குமிழ்களை உருளையால் அமுக்கி வெளியேற்றிவிட வேண்டும். சந்நிதி முருகனே நேரில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இருபது நிமிடத்துக்குள்தான் சிவதர்ஷனின் போன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. வள்ளத்தின் சொந்தக்காரர் முத்துக்குமாரு, கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் குந்தியிருந்து பருத்தித்துறைக் கடலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தங்கச்சி எடுக்கிறாள் போலை கிடக்கு. பேரைப் பாத்தனான்.”

“கை முழுக்க ரெசின் அண்ணை.”

“அப்ப நான் எடுத்து உன்ரை காதிலை வைச்சு விடட்டே?”

“வேண்டாம், வேண்டாம். பேந்து கதைக்கிறன்.”

“உனக்கு விசர். ஆக்களைக் கண்டாலும் ஒளிக்கிறாய், போனைக் கண்டாலும் ஒளிக்கிறாய்,” என்று சொல்லிவிட்டு முத்துக்குமாரு வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை.

கை கழுவிய பிறகு பார்த்தான். தனுஷிகா குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். “அண்ணை, நான் தனு. எடுக்கமாட்டியள் எண்டு தெரியும், அதாலை கதைச்சு அனுப்புறன். பிள்ளைக்குக் காது குத்தப்போறம். கார்த்திகை இருபத்திரண்டு, காலமை ஒன்பதரைக்கு. இஞ்சை வீட்டிலைதான், பத்தர் வாறார். உங்கடை மடியிலைதான் பிள்ளையை இருத்தவேணும். நீங்கள் வரேல்லையெண்டால்...” அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. பின்னால் ஒரு கோழி கேறியது. யாரோ தண்ணீர் இறைத்தார்கள். பிறகு, “வாங்கோ அண்ணை,” என்று மட்டும் வந்தது. சிவதர்ஷன் அதை நாலு தரம் கேட்டான். நாலு தரமும் அந்தக் கோழி கேறியது.

காது குத்தும்போது தாய்மாமன் மடியென்பது சும்மா பிள்ளையை இருத்துகிற பலகையா என்ன? இடது கையால் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். வலது கையால் இரண்டு சின்னக் கைகளையும் பொத்திக்கொள்ள வேண்டும். நகை செய்கிற பத்தர் ஊசியை ஏற்றும்போது பிள்ளை போடுகிற கூப்பாட்டையும் உதையையும் அவன்தான் வாங்க வேண்டும். காதில் ஒரு பொட்டு இரத்தம் துளிர்க்கும். அதை மஞ்சள் தடவித் துடைப்பார்கள். அம்மாவின் பக்கத்துச் சனம் பிள்ளைக்கு இருக்கிறது என்று நாலு பேர் பார்க்கக் காட்டுகிற இடம் அதுதான். மடி இல்லாத பிள்ளையென்றால் ஊர் பிள்ளையை ஒன்றும் சொல்லாது, தாயைத்தான் சொல்லும்.

சிவதர்ஷன் தன் கைகளைப் பார்த்தான். கண்ணாடி நாரோடு வேலை செய்கிறவனின் கை அது. விரல் இடுக்குகளிலும் நகக்கண்ணிலும் கீறல்கள், பழையதும் புதியதுமாக. சுட்டுவிரலில் அன்றைக்கு வந்த ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்புத்தான் அவனுக்குப் பயம். வேறொருவருக்கு அது இரத்தம். அவனுக்கு அது வேறு விஷயம்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு வரை அவன் கப்பல்காரன். வளைகுடாப் பக்கத்துத் துறைமுகமொன்றில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்காக இரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினான். நாலாம் நாள் விமானம். ஊரில், “கொம்பனியை மூடிப்போட்டாங்கள்,” என்றான்; எல்லோரும் நம்பினார்கள். எந்தத் துறைமுகத்தில் எப்போது அந்த நோய் வந்ததென்று அவனுக்கே நிச்சயமில்லை. அதை இங்கே தோண்டிப் பார்த்து ஆருக்கு என்ன லாபம்? அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அவளுக்கும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய மாசியில் அவள் போய்விட்டாள். அப்பா அதற்கும் எட்டு வருடம் முன்பே கடலோடு போனவர்.

இப்போது அந்த வீட்டில் அவன் தனி. தனியென்றால் சும்மா தனியில்லை. அவனுக்கென்று சாப்பிட ஒரு கோப்பை, குடிக்க ஒரு பேணி, ஒரு சோப்பு, ஒரு துவாய் என்று எல்லாம் வேறாக வைத்திருந்தான். யாரிடமிருந்து வேறாக? அந்த வீட்டில் வேறு ஒரு குருவி கிடையாது! மற்றக் கோப்பைகள் அலுமாரியில் தூசு பிடித்துக் கிடந்தன. கோப்பையாலும் பேணியாலும் இது தொற்றாதென்று கிளினிக்கில் நூறு தரம் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் தலையில் இருந்தது; கை மட்டும் தன்பாட்டில் பழைய கோப்பையைத்தான் தேடிப் போகும்.

ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு குளிசை. கலண்டர் பார்த்து மாதத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணத்துக் கிளினிக். பருத்தித்துறையிலிருந்து போகிற பஸ் நெல்லியடி தாண்டி, வல்லை வெளியின் காற்றுக்குள்ளால் ஓடி, புத்தூரில் நின்று ஆட்களை ஏற்றும். புத்தூர்ச் சந்தியில் பிரிகிற ஒழுங்கையால் தனுஷிகாவின் வீடு நடக்கிற தூரம். சிவதர்ஷன் எப்போதும் அந்த ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்து இருக்கையில்தான் இருப்பான். இந்தப் பக்கம் இருந்தால் அவள் சந்தைப் பையோடு நின்று கண்டுவிடுவாளோ என்று பயம். மாதத்துக்கு இரண்டு தரம், போகவும் வரவும், கூடப்பிறந்தவளின் வாசலைத் தாண்டிப் போகிறவன் ஒருத்தன் இருக்கிறானென்றால் அவனை என்னவென்று சொல்வது!

தனுஷிகா கலியாணம் கட்டியது புத்தூர்த் தோட்டக்காரர் வீட்டில். கோபிசங்கரும் அவளும் யாழ்ப்பாணத்தில் ஒரே கடையில் வேலை செய்தவர்கள், அங்கே தொடங்கியது. கடற்கரைப் பிள்ளை தோட்டக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பக்கமும் வாயில் போட்டு மெல்லாமல் விடுமா? இந்தப் பக்கத்துச் சனம் ஒன்றும் கலியாணத்துக்குப் போகவில்லை. சிவதர்ஷன் மட்டும் போனான். சாட்சிக் கையெழுத்தும் போட்டான். ஆனால் பந்தியில் இருக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கோப்பையில் தான் சாப்பிட்டு, அதை இன்னொருவர் கழுவி, அதில் இன்னொருவர் சாப்பிட்டு... “வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டான். கோபிசங்கரின் தாய் குணலட்சுமி அதை இன்றுவரை மறக்கவில்லை. “கடக்கரையார் எங்கடை வீட்டிலை கை நனைக்கமாட்டினமாம். காலம் மாறிப்போச்சு!” என்று அவள் சொன்னது தனுஷிகாவின் காதிலும் விழுந்தது. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனான். கதவடியில் நின்று, சட்டைத் துணியும் தொட்டில் வாங்கக் காசும் கொடுத்தான். தூக்கச் சொல்லி நீட்டினார்கள். சளி, தடிமன் என்று சொன்னான். பிள்ளை கீர்த்திகாவுக்கு இப்போது பதினொரு மாதம்.

காது குத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில் கிளினிக் நாள் வந்தது. டொக்டர் ஜெயனி அவனுடைய கோவையைப் புரட்டிவிட்டு, குளிசைக் கணக்கைப் பார்த்தாள். மிஞ்சக் கூடாத குளிசை ஆறு மிஞ்சியிருந்தது.

“எப்ப விட்டனீங்கள்?”

“போன மாசம். ஆறு நாள்.”

“ஏன்?”

“கந்தசஷ்டி.”

அவள் பேனையை மேசையில் வைத்தாள். “நானும் சஷ்டி பிடிக்கிறனான். குளிசை விரதத்தை முறிக்காது. முருகன் உங்களிட்டை வந்து கேட்டவரே, அந்தக் குளிசையை விடு எண்டு?”

தொடர்ந்து மூன்று தரம் சிவதர்ஷனின் இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லையென்று முடிவு வந்திருந்தது. அந்த நன்றிக்குத்தான் சந்நிதி முருகன் கோயிலில் ஆறு நாளும் தங்கி, தண்ணீரும் மிளகும் மட்டும் எடுத்து விரதம் பிடிப்பதென்று நேர்ந்திருந்தான். காப்பாற்றிய குளிசையை விட்டுவிட்டு, காப்பாற்றியதற்கு நன்றி சொல்லப் போன கெட்டிக்காரன்! சூரன் போர் பார்த்து, விரதம் முடிக்கிற பாறணைச் சோறு உண்ட இரவே திரும்பத் தொடங்கியும் விட்டான். விரதம் முறிந்துவிடும் என்பது ஒரு காரணம்தான். மற்றக் காரணத்தை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கோயில் மடத்திலை இருபது பேர் ஒண்டாப் படுத்தனாங்கள், டொக்டர். உதென்ன குளிசை எண்டு ஆரும் கேட்டால்?”

டொக்டருக்கு அது விளங்கியது. ஏச வாயெடுத்தவள் ஏசவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“முதல் நாளே உங்களுக்கு இதைச் சொன்னனான். அண்டைக்கு உங்கடை காதிலை ஒண்டும் ஏறியிருக்காது. வடிவாக் கேளுங்கோ. எங்கடை ஒவ்வொரு செல்லுக்கையும் ஒரு மூலப்பிரதி இருக்கு. அதைப் பாத்துத் துண்டு துண்டா எழுதி எடுத்துத்தான் செல் வேலை செய்யும். மூலத்திலை இருந்து துண்டு, அதுதான் வழமை. இந்த வைரஸ் துண்டு வடிவிலைதான் உள்ளை வரும். வந்து, தலைகீழாத் துண்டிலை இருந்து மூலத்தை எழுதும். எழுதினதைக் கொண்டுபோய் எங்கடை மூலப்பிரதிக்கை செருகிப்போடும். பின்பக்கமா எழுதுறதாலைதான் ரெட்ரோவைரஸ் எண்டு பேர். அதுவும் புகுறது ஆருக்கை? உடம்புக்குக் காவல் நிக்கிற செல்லுக்கை. காவல்காரனே கள்ளனுக்குப் பிரதி எடுத்துக் குடுக்கிற மாதிரி.”

“குளிசை அதை அழிக்காதோ?”

“குளிசை எழுதுறதை நிப்பாட்டும். புதுசா ஒரு செல்லுக்கையும் செருக விடாது. ஆனா ஏற்கெனவே செருகினதை வெளியிலை எடுக்க இன்னும் மருந்து வரேல்லை. அது சில செல்லுக்கை நித்திரை கொள்ளும். குளிசை நிண்டால் எழும்பும்.”

“ஆறு நாளிலை எழும்பியிருக்குமோ?”

“எழும்பாமலும் இருக்கலாம். எழும்பித் திரும்ப அமந்தும் இருக்கலாம். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறன். முடிவு வர மூண்டு நாலு கிழமை செல்லும்.”

பன்னிரண்டு நாள். முடிவு வரவோ நாலு கிழமை, ஒரு மாதம். சிவதர்ஷன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தான், ஏதோ களவெடுத்த சாமானைப் பொலிசில் ஒப்படைக்கிறவன்போல. “என்ரை மருமேளுக்குக் காது குத்து. என்ரை மடியிலை. இந்தக் கையைப் பாருங்கோ.”

டொக்டர் அந்தக் கைகளைத் தன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கையுறை போடவில்லை. அவன் வெடுக்கென்று இழுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. “இதென்ன, முள்ளம்பண்டியோடை சண்டை பிடிச்சனீங்களோ?” என்று சிரித்தாள். “சிவதர்ஷன், மடியிலை வைச்சிருக்கிறதாலை ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. தூக்கிறதாலை வராது, கொஞ்சிறதாலை வராது, சாப்பாட்டாலை வராது. உந்தக் காஞ்ச கீறலாலையும் போகாது. ரிசல்ற் எப்பிடி வந்தாலும் இதுதான் பதில். மனம் கேக்கேல்லையெண்டால் பச்சைக் காயத்துக்கு பிளாஸ்ரர் ஒட்டுங்கோ. போய் மாமனா இருந்திட்டு வாங்கோ.”

“ஒரு கடுதாசி எழுதித் தருவியளோ?”

“ஆருக்குக் காட்ட?”

அவன் கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். “தங்கச்சிக்குச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். அது உங்கடை விருப்பம். ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலாது,” என்று அவள் சொன்னாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவனுக்குத் தன் வேலைதான் நினைவுக்கு வந்தது. நார்ப்பாயும் ரெசினும் சேர்ந்து இறுகிய பிறகு எது பாய், எது பசை என்று எவனாலும் பிரிக்க முடியாது. அராவலாம், பெயின்ற் அடிக்கலாம். பிரிக்க ஏலாது. தன் உடம்புக்குள்ளும் அப்படித்தான் ஒன்று இறுகிக் கிடக்கிறது. தான் எங்கே முடிகிறோம், அது எங்கே தொடங்குகிறது என்று இனி ஆரும் சொல்ல முடியாது. புத்தூரில் பஸ் நின்றபோது அவன் மற்றப் பக்கம்தான் பார்த்தான். கூட இருந்த மனிதர் ஒருவர், “தம்பி, அழுறீரோ?” என்று கேட்டார். கண்ணுக்குள் தூசு விழுந்துவிட்டதென்றான்.

கார்த்திகை இருபத்திரண்டு காலை மழை தூறியது. போவதா விடுவதா என்று அவன் பன்னிரண்டு நாளாகப் பட்ட பாட்டைச் சொல்லப் போனால் கதை நீளும். சொல்லாமல் இருந்துவிடுவோம், இருத்தி எடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவோம் என்றுதான் கடைசியில் முடிவு. ஒரு கிழமையாக வள்ள வேலைக்குப் போகவில்லை, கை ஆறட்டுமென்று. அப்படியும் முந்தின நாள் தேங்காய் உடைத்தபோது ஒரு விரல் வெட்டுப்பட்டது. அட கோதாரி! ஆறு விரலில் பிளாஸ்ரர் சுற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டியும் நீலச் சட்டையுமாகப் புத்தூர்ச் சந்தியில் இறங்கினான். கலியாணத்துக்கு வந்ததோடு சேர்த்து, ஐந்து வருடத்தில் இது இரண்டாம் தரம். செம்மண் நனைந்து செருப்பில் அப்பியது. ஒழுங்கையின் இரு பக்கமும் வெங்காயம் பச்சையாக நின்றது.

முற்றத்துப் பந்தலுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. பாயில் கோபிசங்கரின் சித்தப்பா முருகேசு ஏற்கெனவே சம்மணம் கொட்டி இருந்தார். மாமன் வராவிட்டால் தான்தான் மடி என்று அவருக்குச் சொல்லியிருந்தது போலும். சிவதர்ஷனைக் கண்டதும் குணலட்சுமி படியிறங்கி வந்தாள். “வாங்கோ தம்பி, வாங்கோ. முருகேசு, எழும்பு, மாமன்காரர் வந்திட்டார்.” அவளுடைய கண் அவனுடைய கையில் விழுந்தது. “இதென்ன தம்பி, விரலெல்லாம்?”

“வள்ளத்து வேலை, மாமி.”

“கவனம் பாருங்கோ.” அவளே உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். “சோறுதான் எங்கடை வீட்டிலை தின்னமாட்டியள். தேத்தண்ணியாவது குடியுங்கோவன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரிக்காமல் அவனையே பார்த்தார்கள். சிவதர்ஷன் பேணியை வாங்கினான். வாய்வரை கொண்டுபோனான். பிறகு ஆறட்டுமென்பதுபோல அரைச் சுவரில் வைத்தான். கடவுளே, ஒரு மிடறு குடித்தால் என்ன குறைந்துவிடும்! அவனால் முடியவில்லை.

குசினி வாசலில் நின்ற தனுஷிகா இதைப் பார்த்துவிட்டாள். “அண்ணை, கிணத்தடிக்கு ஒருக்கால் வாங்கோ,” என்றாள். அவன் பின்னால் போனான். தூறல் நின்றிருந்தது. அவள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அம்மாவின் சேலை அது, ஊதாக் கரை போட்டது. வாளிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் கதைத்தாள்.

“தேத்தண்ணியை வைச்சிட்டியள்.”

“சூடு.”

“என்ரை கலியாணச் சோறும் சூடோ? ஆஸ்பத்திரியிலை பிள்ளையை நீட்ட நீட்டத் தூக்காமல் நிண்டியள். போனை எடுக்கிறேல்லை. மாசாமாசம் இந்தச் சந்தியாலை பஸ்ஸிலை போறியள், வாறியள், இவர் எத்தினை தரம் கண்டவர் தெரியுமே? நான் ஒண்டு கேக்கிறன், உள்ளதைச் சொல்லுங்கோ. கடக்கரையிலை மற்றவை சொல்லுறதைத்தான் நீங்களும் நினைக்கிறியளோ? நான் சாதி மாறிக் கட்டினது உங்களுக்கும் வெக்கமோ?”

“இல்லையடி.”

“இவை ஒரு பக்கம் குத்திக் கதைக்கினம். அங்கை ஒருத்தரும் வாசல் மிதிக்கினமில்லை. அம்மாவும் இல்லை. எனக்கு ஆர் அண்ணை இருக்கினம்?” குரல் உடைந்தது. “உங்களுக்கு என்னிலை கோவமெண்டு நினைச்சு நினைச்சு எத்தினை நாள் அழுதிருப்பன்.”

சொல்வதில்லை என்றுதான் வந்தவன். பஸ்ஸில் வரும்போதும் அதையே நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லித்தான் வந்தான். தன்னுடைய தனிமையைத் தான் மட்டும்தான் சுமக்கிறோம் என்று இவ்வளவு காலமும் ஒரு நினைப்பு. இப்போது பார்த்தால் அதில் பாதியைப் புத்தூரில் இன்னொருத்தி சுமந்துகொண்டிருக்கிறாள், அதுவும் என்னவென்று தெரியாமல். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

“எனக்கு எச்.ஐ.வி இருக்கு, தனு.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. கப்பல், தாள், குளிசை, கிளினிக், சந்நிதியில் விட்ட ஆறு நாள், இன்னும் வராத முடிவு, மடியில் வைத்தால் ஒன்றும் வராதென்று டொக்டர் சொன்னது, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினான். தனுஷிகா வாளிக் கயிற்றை விட்டாள். வாளி கீழே போய் ‘தொம்’ என்று விழுந்தது. அவள் அவனுடைய விரல்களைப் பார்த்தாள். ஆறு பிளாஸ்ரரையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டான்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஐஞ்சு வருசம்,” என்றாள். பிறகு, “தனியவோ?” என்று கேட்டாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். முன்னாலிருந்து, “தனு, ஒன்பதரையாகப் போகுது, பத்தர் வந்திட்டார்!” என்று குணலட்சுமி கூப்பிட்டாள்.

“முருகேசு மாமாவையே இருக்கச் சொல்லு,” என்றான் சிவதர்ஷன். “எனக்கு நாரி நோ, குந்தியிருக்க ஏலாதெண்டு சொல்லுவம். நான் பக்கத்திலை நிக்கிறன். வரேல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேலாதுதானே?”

தனுஷிகா முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் கிணற்றடியில் நின்றான். பயந்துவிட்டாள். பயப்படத்தானே வேண்டும்? பெற்றவள் அல்லவா? அவளில் ஒரு பிழையும் இல்லை. அப்படியே வேலியால் இறங்கி ஒழுங்கையைப் பிடித்தால் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றும் நினைத்தான். கால் போகவில்லை.

“தாய்மாமன் ஆர்? வாங்கோ,” என்று பத்தரின் குரல் கேட்டது. நாரி நோவென்று இடுப்பைச் சாட்டாகச் சொல்ல வாயைத் தயார்படுத்திக்கொண்டு சிவதர்ஷன் முன்னுக்கு வந்தான். முருகேசு தூணோடு ஒதுங்கி நின்றார். பாயில் ஒருவரும் இல்லை. தனுஷிகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் நின்றாள். கீர்த்திகாவுக்குச் சிவப்புச் சட்டை, நெற்றியில் பெரிய கறுத்த பொட்டு.

“அண்ணை, இருங்கோ,” என்றாள்.

“தனு, எனக்கு...”

“இருங்கோ.”

அவன் இருந்தான். அவள் குனிந்து பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். பாரம் இவ்வளவு இருக்குமென்று அவன் நினைக்கவில்லை. சூடு இவ்வளவு இருக்குமென்றும் நினைக்கவில்லை. பிள்ளை கழுத்தை முறித்து அண்ணாந்து இந்தப் புது முகத்தைப் பார்த்தது, அழவில்லை. பவுடரும் பாலும் நல்லெண்ணெயும் மணந்தது. தலையைப் பிடிக்க வேண்டுமே என்று அவனுடைய கை தன்னையறியாமல் மேலே எழுந்தது.

“வேண்டாம்!” என்றாள் தனுஷிகா. குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்த கை அப்படியே நின்றது. அவள் பாயில் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலூன்றி இருந்தாள். “தலையை இவர் பிடிப்பார். நீங்கள் கையைத் தாங்கோ.” அவனுடைய இரண்டு கைகளையும், பிளாஸ்ரரும் கீறலுமாக, தன் கைகளுக்குள் வாங்கிப் பாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இதென்ன புதுப் பழக்கம்? மாமனெல்லோ தலையைப் பிடிக்கிறது,” என்றாள் குணலட்சுமி.

“அண்ணைக்குக் கை காயம் மாமி. நோகும்.”

கோபிசங்கர் ஒன்றும் விளங்காமல் வந்து பிள்ளையின் தலையைப் பிடித்தான். பத்தர் ஊசியை நெருப்பில் காட்டி எடுத்தார். சிவதர்ஷனுக்குக் காது குத்துவது கண்ணில் படவேயில்லை. தன் கைக்கு மேலிருந்த கைகளைத்தான் பார்த்தான். அவளுடைய விரல்கள் அவ்வளவு இறுக்கமாக இருந்தன. உள்ளங்கை ஈரம். இது பிடித்திருக்கிற பிடியா, பிள்ளையைத் தொட்டுவிடாமல் தடுத்திருக்கிற பிடியா? அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ! தடுக்கட்டும், தடுத்தால் என்ன, தாய்தானே என்று நினைத்தான். பிள்ளை ஒரு கணம் மூச்சடக்கி, பிறகு ஊரே கேட்க வீரிட்டது. உதைத்தது. பின்தலை வந்து அவனுடைய நெஞ்சில் மோதியது. வலது காதில் ஒரு பொட்டு இரத்தம் துளிர்த்தது. மஞ்சள் பூசிய துணியால் பத்தர் அதைத் துடைத்துவிட்டார். இடது காது. இன்னொரு வீரிடல். வேட்டி நனைந்து தொடையில் சூடாகப் பரவியது.

“மாமனுக்குச் சீதனம் குடுத்திட்டாள்!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முருகேசுவும் சிரித்தார். தோட்டில் கல் மினுங்கியது. கோபிசங்கர் பிள்ளையைத் தூக்கித் தன் தாயிடம் கொடுத்தான். குணலட்சுமி, “என்ரை ராசாத்தி, முடிஞ்சுது, முடிஞ்சுது,” என்று தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பத்தர் சாமான்களை மடித்தார். வாழையிலை போடுகிற சத்தம் கேட்டது. சனம் பாயைச் சுற்றி ஒதுங்கிப் பந்திக்கு நகர்ந்தது.

தனுஷிகா கையை விடவில்லை.

பிள்ளை இல்லாத மடியில் ஈரம் மட்டும் குளிரத் தொடங்கியிருந்தது. இனித் தடுக்க ஒன்றுமில்லை. “விடு தனு, ஆக்கள் பாக்கினம்,” என்று சிவதர்ஷன் மெல்லச் சொன்னான். அவள் நிமிரவில்லை. மூக்கை உறிஞ்சினாள். திரும்பவும் தூறல் தொடங்கிப் பந்தல் தகரத்தில் விழுந்தது. உள்ளே பிள்ளையின் அழுகை விட்டு விட்டுக் கேட்டது.

“தனு! பிள்ளை உன்னைத் தேடுது, கெதியா வா!” என்று குணலட்சுமி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“வாறன் மாமி,” என்றாள் தனுஷிகா. எழும்பவில்லை.